ஒரு வருஷ முழங்கால்

"நாலு வருஷ ஒப்பந்தம் கேட்டானாம். இருபத்தேழு வயசு முழங்காலுக்கு நாலு வருஷமா? என் கடையில புது டயருக்கே நான் அவ்வளவு உத்தரவாதம் குடுக்கிறதில்ல," என்றார் ஹாலிஸ்.

பேசிய இடம் எங்கள் வீட்டுக் கூடம். முழங்கால் என் அண்ணன் டேரியஸுடையது. வாயில் இருந்தது என் அம்மா பொரித்த கோழி இறக்கை.

பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அண்ணன் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ரன்னிங் பேக். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நூற்றைம்பது கிலோ ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிற வேலை. ஐந்து வருடம் அதே அணிக்கு ஓடினான். இந்தக் கோடையில் நீண்ட ஒப்பந்தம் கேட்டு, பயிற்சி முகாமுக்குப் போகாமல் மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தான். அணி அசையவில்லை. ஒரு வருடம்தான், இஷ்டம் இருந்தால் வா என்றது. போனான்.

இந்த வருடம் எதையாவது ஒடித்துக்கொண்டால் அடுத்த வருடம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பேசுவதில்லை, ஹாலிஸைத் தவிர.

"வாயை மூடுய்யா," என்றார் ராஸ்கோ மாமா. அம்மாவின் தம்பி. மேலே அண்ணன் எண் போட்ட சட்டை, தலையில் அண்ணன் எண் போட்ட தொப்பி. "பந்தை எறியறவனுக்குக் கோடி கோடியாக் கொட்டறாங்க. அவன் மேல அடி விழாம நடுவுல நின்னு வாங்கிக்கிறது யாரு? என் மருமவன். ரத்தம் சிந்தறவனுக்குக் குடுக்க மாட்டாங்களாம். அநியாயம்யா இது."

இதையே மாமா ரேடியோவுக்குப் போன் பண்ணி இரண்டு முறை பேசியிருக்கிறார். இரண்டாவது முறை அழுதார். ஊரே உருகிப்போனது.

"வருஷா வருஷம் காலேஜ்ல இருந்து இருபது பேரு வர்றான், பாதிச் சம்பளத்துக்கு." ஹாலிஸ் எலும்பைத் தட்டில் போட்டார். "இவன் எட்டாவது படிக்கிறப்பவே சொன்னேன், பந்தை உதைக்கிறவனா ஆக்குங்கன்னு. உதைக்கிறவன் நாப்பது வயசு வரைக்கும் சட்டையில மண்ணு ஒட்டாம சம்பாதிக்கிறான்."

"எங்க பரம்பரையில எவனும் உதைக்கிறவன் கிடையாது."

"உங்க பரம்பரையில எவனுக்கு முழங்கால் நல்லா இருக்கு, சொல்லு."

அம்மா சிரிக்கவில்லை. டிவியில் அண்ணன் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தன்று அம்மா உட்காரவும் மாட்டாள். பந்து எங்கே போகிறது என்றே பார்க்க மாட்டாள். ஆட்கள் குவியலாக விழுந்து கலையும்போது அண்ணனின் இருபத்தி நாலாம் எண் எழுந்துவிட்டதா, அவ்வளவுதான் பார்ப்பாள். எழுந்தால் மூச்சு விடுவாள். அடுத்த குவியல் வரைக்கும்.

மாமாவுக்கு ஆட்டம் இரண்டு இடத்தில் நடந்தது, டிவியிலும் போனிலும். கிடங்கில் அவரோடு வேலை செய்கிற பன்னிரண்டு பேர், நிஜ ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக் கற்பனை அணி கட்டி விளையாடுகிறார்கள். தன் ஆள் ஓடினால் தனக்குப் புள்ளி. கடைசி இடத்துக்கு வருகிறவன் ஒரு நாள் முழுக்க வாழைப்பழ வேஷத்தில் மூட்டை தூக்க வேண்டும். போன வருடம் தூக்கியது மாமா. இந்த வருடம் முதல் ஆளாக அண்ணனை எடுத்தார். கேட்டால், "பாசம்டா," என்பார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஒரு குவியல் விழுந்தது. கலைந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

இருபத்தி நாலு எழவில்லை.

டிவிக்காரன் அதைத் திரும்பக் காட்டினான். முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. இன்னொரு கோணத்தில் இருந்தும் காட்டினான்.

"போதும்டா, காட்டாதீங்க," என்று அம்மா டிவியிடம் மெதுவாகச் சொன்னாள்.

அண்ணனைத் தூக்கிப்போக மைதானத்துக்குள் வண்டி வந்தது. ஹாலிஸ் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து போயே போய்விட்டார்.

"சொன்னது பலிச்சிடுச்சுல்ல, சந்தோஷமாப் போறாரு," என்றேன்.

மாமா மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். தலை கவிழ்ந்திருந்தது. இரண்டு கையும் மேசைக்கடியில் சேர்ந்திருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"இவனாவது என் புள்ளைக்காக ஜெபம் பண்றானே," என்றாள் அம்மா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. ஹாலிஸின் பிக்கப் வண்டி.

"ஆர்டெல், கோட்டை எடுத்துட்டு ஏறு," என்று ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்துக் கத்தினார் ஹாலிஸ். "ஆஸ்பத்திரி மூணு மணி நேரம். ஆபரேஷன் முடிஞ்சு அவன் கண்ணு முழிக்கிறப்ப நீ பக்கத்துல இருக்கணும். நாலு வருஷம் குடுக்காதது சரின்னுதான் நான் இப்பவும் சொல்வேன். அந்தச் சண்டையைப் போற வழியில போட்டுக்கலாம், வா."

அம்மா கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே திரும்பினாள். "மாமாவைக் கூப்பிடு. இல்ல, வேணாம். ஜெபத்தைக் கலைக்காத. முடிச்சிட்டுப் பின்னாடி வரட்டும்."

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கலைக்கத்தான் போனேன்.

மேசைக்கடியில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குப் பதிலாக இறங்கிய பையனின் பெயரை உதட்டால் எழுத்துக் கூட்டிக் கிடங்கு குழுவில் அடித்து முடித்திருந்தார் மாமா. பக்கத்தில் எழுதியிருந்தார்: "இவன் எனக்கு. முதல்ல கேட்டது நான்."