சிவப்பு வரி

மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் இருக்கும் சர்வரில், கட்டளை அடிக்கும் வரியைத் திலகவதிதான் சிவப்பாக்கி வைத்திருந்தாள். போலிக் குறிப்புகளை வைத்துப் பழகிப் பார்க்கும் சோதனை சர்வரில் அது பச்சை. அசந்துபோன கண்ணுக்கும் நிறம் தப்பாது என்று நம்பி, அந்த வரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சர்வர் பெயரையும் எடுத்துவிட்டாள்.

“சோதனைப் பதிவெல்லாம் அழிச்சிட்டியா ஜெரோம்?”

“முடிஞ்சுதுக்கா. ஒண்ணு விடாம.”

“வரி பச்சையாத்தானே இருந்துச்சு?”

புதிதாகச் சேர்ந்திருந்த ஜெரோம் சிரித்தான். “அதை நீங்கதான்க்கா வந்து சொல்லணும். எனக்குப் பொறந்ததுலேர்ந்தே பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான். சிக்னல்லகூட மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்துத்தான் வண்டி ஓட்டுறேன்.”

அவன் திரை இரண்டு மேசை தள்ளி, அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். திலகவதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.