குடும்பத்தோடு கப்பலில்

"கடல் காத்து குளிரும். ஸ்வெட்டர் வெச்சிட்டியா?" என்று அவர் போனில் கேட்டார்.

"வெச்சாச்சு. சின்னவனுக்கு வாந்தி மாத்திரையும் வெச்சாச்சு," என்றாள் அவள், பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தபடி.

"குடும்பமா முதல் தடவை கப்பல்ல போறோம். எதையும் விட்டுடாதே. பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

கார் வந்து நின்றதும் சின்னவன் துள்ளிக்கொண்டு ஓடினான். பெரியவள் மட்டும் நகரவில்லை.

"அம்மா, கப்பல்ல எல்லார் முன்னாடியும் சித்தியை அம்மான்னுதான் கூப்பிடணுமாம். அப்பா சொன்னாரு. கூப்பிடட்டுமா?"

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். விவாகரத்துக்குப் பிறகு அவர் கட்டிக்கொண்டவள் காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"மூணு நாள்தானேடி, கூப்பிடு. வீட்டுக்கு வந்ததும் மறந்துடு."