இரண்டாவது வண்டி

"செத்தவனைக் கேலி செய்யும் நிறுவனமே, மன்னிப்புக் கேள்."

லாரியின் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பியோ சுங்-ஹாக் வாசித்தார். அந்த நிறுவனம் நடத்தும் வீடியோ விளையாட்டின் தலைமைப் பொறுப்பாளர் அவர்.

விளையாட்டு நிறுவனங்கள் நிறைந்த பாங்கியோவில் இது வழக்கம்தான். கம்பெனி மேல் கோபம் வந்தால் ஆட்டக்காரர்கள் சேர்ந்து திரை வைத்த லாரியை வாசலுக்கு அனுப்புவார்கள். மனம் குளிர்ந்தால் அவர்கள் செலவில் ஊழியர்களுக்குக் காபி வண்டி வரும். இந்த வாசலுக்குக் காபி வண்டி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

இந்த விளையாட்டை ஆடிவந்த டோரிம் என்ற பையன் இறந்து இரண்டு வருடம். போன வாரம், அவன் பிறந்தநாளன்று, அவன் கைப்பேசிக்கு விளையாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"டோரிம், நீ இல்லாமல் ஊரே வெறிச்சோடிக் கிடக்கிறது. உனக்காகக் காத்திருக்கிறோம்."

போன வருடமும் இதே செய்திதான். அம்மாவிடம் இருந்த அந்தக் கைப்பேசியில் இதைப் பார்த்த நண்பர்கள் கொதித்துப்போனார்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள், பணத்தாசை பிடித்தவர்கள், கல்நெஞ்சக்காரர்கள்.

உண்மையில் யாரும் எதையும் செய்யவில்லை. அந்த வாசகத்தை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். நெடுநாள் ஆட வராதவர்களுக்குப் பிறந்தநாளில் அது தானாகப் போகும். கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நல்ல எண்ணமும் இல்லை. எண்ணம் என்று ஒன்று இருந்தால்தானே.

சுங்-ஹாக் அதைத்தான் சொல்லப் போகிறார். தானாகப் போன செய்தி, மனிதர் யாருக்கும் இதில் தொடர்பில்லை. கம்பெனி வக்கீல் அவரை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

சுங்-ஹாக் வெளியே வந்ததும், வாசலில் கூடியிருந்த ஆட்டக்காரர்களின் கைப்பேசிகள் உயர்ந்தன. எல்லாம் நேரலை.

"கம்பெனி கம்பெனின்னு மழுப்பாதீங்க சார். அனுப்புனது யாரு? ஒரு ஆளோட பேரைச் சொல்லுங்க, போதும்," என்றான் டோரிமின் கூட்டாளி சே-ஜுன்.

சுங்-ஹாக் வாயைத் திறப்பதற்குள் லாரிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. இன்னொரு லாரியா?

காபி வண்டி.

எவன் இந்தத் துரோகத்தைச் செய்தது என்று கூட்டம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டது. முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கினார். சே-ஜுன் இடுப்பு வரை குனிந்து வணங்கினான். டோரிமின் அம்மா.

அவர் நேரே சுங்-ஹாக்கிடம் வந்தார். கன்னத்தில் அறையப் போகிறார் என்றுதான் சுங்-ஹாக் நினைத்தார். அறைந்திருந்தால் தேவலை.

"தம்பி, எங்க டோரிமுக்கு எழுதுறவரைப் பாக்கணும். அவன் போயிட்டான்னு அவர்கிட்ட யாருமே சொல்லலையா? பாவம், இன்னும் காத்துக்கிட்டு இருக்காரு. துக்கத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன், இவரை மட்டும் விட்டுட்டேன். மனசு கேக்கல, அதான் வந்தேன்."

கைப்பேசிகள் சுங்-ஹாக்கின் முகத்துக்கு அருகே நகர்ந்தன.

மனிதர் யாருக்கும் தொடர்பில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மா சுங்-ஹாக்கின் தோளுக்கு மேலாக, கண்ணாடிக் கதவுக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நாந்தாம்மா அது," என்றார் சுங்-ஹாக். "எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிருங்க."

அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"இனிமே காத்திருக்காதீங்க," என்றார்.

அந்த அம்மா கிளம்பிப் போன பிறகு லாரியின் திரை சற்று நேரம் இருண்டு கிடந்தது. மறுபடி அதே வாசகம் ஓடத் தொடங்கியது. நிறுவனம் என்று இருந்த இடத்தில் பியோ சுங்-ஹாக் என்று இருந்தது.