டாக்டர் கிளப்பிய ரோஷம்

உடற்பயிற்சி ஆராய்ச்சிக்காக டாக்டர் சிசிலியா டிரெட்மில்லில் ஓடவிட்டபோது, அமைச்சக ஊழியர் இளஞ்செழியன் இரண்டே நிமிடத்தில் நாக்குத் தள்ளி நின்றார். டாக்டர் கனிவாகச் சிரித்தார்.

"நீங்க எப்பவும் போல இருங்க சார், அது போதும். மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்."

டெல்லி கிட்வாய் நகர் வீட்டுக்கு வந்து மனைவி கவிதாவிடம் பொரிந்து தள்ளினார். "'உன்னால வேற என்ன கிழிக்க முடியும்'னு அந்த டாக்டர் சொல்லாம சொல்றாங்க! காட்டறேன் பார்!"

மறுநாளே மத்தியான இடைவேளையில் ஆபீஸ் எதிரிலிருந்த பூங்காவைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். கவிதா சுட்ட வடையைக்கூடத் தொடவில்லை. டெல்லியில் குளிர்கால இடைவேளை சாயங்காலம் வரை நீளும். புத்தம்புது டிராக் சூட் போட்டுக்கொண்டு புல்வெளி வெயிலில் வேர்க்கடலை கொறித்தபடி சீட்டாடிய சக ஊழியர்கள், "அரே செழியன்ஜி, ஜல்தி ஜல்தி!" என்று சீக்கிரம் ஓடச் சொல்லிக் கைதட்டினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

மறு டெஸ்டில் குதிரையாகப் பாய்ந்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் பண்ணினீங்க?"

"தினமும் ஓட்டம், மேடம்!"

"போச்சு! ஓடுறவங்களோட ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் வேணும்னுதானே உங்களை எடுத்தேன்!"

இளஞ்செழியனுக்கு மூச்சு வாங்கியது. "அப்ப, ஓட வேண்டியவங்க?"

"அவங்களும் உங்க ஆபீஸ்தான். டிராக் சூட்கூட வாங்கிக் கொடுத்தேன். மூணு மாசம் ஓடியும் எல்லாருக்கும் தொப்பை கூடியிருக்கு. ஏன்னே புரியல சார்!"

"வேர்க்கடலை, மேடம்" என்றார் இளஞ்செழியன்.