தலசீமியா பட்டியல்

"யார் யாருக்கு அந்த ரத்தக் கோளாறு இருக்கு? பேரைக் கொடுங்க, மேடம்."

மொரீஷியஸின் பீனிக்ஸ் நகரில் உள்ள ஆயத்த ஆடை ஆலையின் மேலாளர் சுவாமிநாதன், ஆய்வகத்தில் என் மேஜைமேல் கையூன்றி நின்றார். தலசீமியா பரிசோதனைக்காகப் போன மாதம் அவர் ஆலைக்குப் போய் ரத்தம் எடுத்து வந்தவள் நான்தான்.

"தர மாட்டேன். அவங்கவங்க பரிசோதனை முடிவு அவங்கவங்களுக்கு மட்டும்தான்."

"நீங்க சேலம், நான் திருப்பூர். இந்த மொரீஷியஸ்ல நமக்குள்ள இதுகூடச் செய்யக் கூடாதா?"

"ஊரைச் சொல்லிக் கேட்டாலும் மாட்டேன்."

"நோயாளிகளை வெச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை கப்பலுக்கு எப்படிச் சரக்கு அனுப்புறது? தையல்ல இருக்கிற அந்த மரி-ஆஞ் மத்தியானமே சோர்ந்து போறா. அவளுக்குக் கண்டிப்பா இருக்கும்."

"அது யாருக்கு இருந்தாலும், மரபணுவுல சின்னத் துண்டு ஒண்ணு இல்லை, அவ்வளவுதான். அப்படி இருக்கிறவங்க நோயாளிங்க இல்லை, சார். எல்லாரையும் போல வேலை செய்யலாம். கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் பிறக்கிற குழந்தையைப் பத்தி யோசிக்கணும்."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். இருக்கிறவங்களை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். முதலாளி உத்தரவு."

"அப்படியா? ஒரே ஒரு பேரை மட்டும் உங்ககிட்டச் சொல்லலாம். எழுதிக்குங்க."

அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"சுவாமிநாதன்."

பேனா அப்படியே நின்றது. ரத்தம் எடுத்த அன்று ஊசியைப் பார்த்துப் பெண்கள் தயங்கியபோது, அவர்களுக்குத் தைரியம் வர முதலில் கையை நீட்டியவர் அவர்தான்.

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம்... இது முதலாளிக்குத் தெரிஞ்சா..."

"அவரே இங்க வந்து நின்னாலும் பேரைத் தர மாட்டேன், சார்."