வரிசைக்கு ஒரு வீடு

பத்துக்குப் பத்து அறை. அதற்குள் மூன்று டி.வி., நாலு ஃபேன், இரண்டு மிக்ஸி, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஃபிரிட்ஜ்.

கணக்கெடுக்க வந்தவளுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டிலேயே ஒரு டி.வி.தான். அதுவும் நாலு தட்டு தட்டினால்தான் படம் வரும்.

"இதெல்லாம் யாரோடது?"

"என்னோடதுதாங்க," என்றாள் அறைக்காரி. ஐம்பது வயதிருக்கும், ஒண்டிக்கட்டை. கம்பெனிச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பட்டன் தைத்துக் கொடுப்பவள். அந்த வரிசையில் அவளுக்குப் பெயரே பட்டனக்காதான்.

"பட்டன் தைச்சா மூணு டி.வி. வாங்கலாமா?"

பட்டனக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து அறைக்காரி முந்திக்கொண்டாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

"அவங்க அடகு பிடிக்கிறவங்க மேடம். எங்க வீட்ல வந்து பாருங்க, ஒரு ஃபேன்கூடக் கிடையாது."

உண்மைதான். ஆறு அறைகளில் மற்ற ஐந்தும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. பிள்ளைகள் மட்டும் வீட்டுக்கு இரண்டு, மூன்று.

இலவச ரேஷனுக்கும் இலவச ஆஸ்பத்திரிக்கும் ஒரே அட்டை. அது யாருக்குத் தொடரலாம் என்று பார்ப்பதுதான் வந்தவளின் வேலை. 'நாடு நல்லா வளர்ந்திருக்கு. அப்போ ஏழைங்க குறைஞ்சிருக்கணும் இல்லையா? வரிசைக்கு ஒரு வீடாவது கழியணும். கழியலைன்னா அந்த வரிசைக்கு உனக்குக் கூலி கிடையாது' என்று மேலதிகாரி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

காலையிலிருந்து நாலு வரிசை முடித்து, நாலு பேரிடம் சாபம் வாங்கியிருந்தாள். நல்லவேளை, இங்கே அந்தப் பாவம் இல்லை.

"உங்க அட்டை ரத்தாகும்," என்றாள், போனில் குத்திக்கொண்டே.

"சரிங்க. ஆஸ்பத்திரியில சர்க்கரைக்கு ஊசி குடுப்பாங்க. அதுவும் கிடையாதாங்க?"

"அதுவும் அதே அட்டைதானே? கிடையாது."

"சரிங்க."

மூன்று டி.வி.யை வைத்துக்கொண்டு ஓசி ஊசி வேறு கேட்கிறது! வந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"வெட்கமா இல்லை? இல்லாதவங்க வாயிலிருந்து பிடுங்கித் தின்னது போதும்," என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினாள்.

தெருமுனையில் போன் மக்கர் பண்ணியது. கழிக்கிற வீட்டுக்காரியை வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தால்தான் அந்த வரிசையின் படிவங்கள் போகுமாம். அலுத்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

வரிசை முழுக்க ஒரே நடமாட்டம். பக்கத்து அறைக்காரி ஒரு ஃபேனைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். ஒருவர் தோளில் டி.வி. நாலு பேர் சேர்ந்து ஃபிரிட்ஜைக் கடைசி அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"எல்லாரும் சேர்ந்து என் காதுல பூ சுத்துறீங்களா? ஆறு வீட்டு அட்டையையும் ரத்து பண்ணட்டுமா?"

"ஐயோ, வேணாம் மேடம்!" பக்கத்து அறைக்காரி அழுதேவிட்டாள். "எப்படியும் ஒரு வீடு போயாகணுமாமே. யாருன்னு நாங்க எப்படிச் சொல்றது? அதான் நாணயமா சீட்டுக் குலுக்கினோம். அக்கா எழுதினாங்க, நான் எடுத்தேன். அவங்க பேரே வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் சாமானையெல்லாம் அங்க கொண்டுபோய் வெச்சோம்."

பட்டனக்காவின் அறை இப்போது காலி. ஒரு பாய், ஒரு அடுப்பு, யார் யாரோ எங்கெங்கோ போட்டுக்கொள்ளப்போகும் சட்டைகள் ஒரு மூட்டை.

வந்தவளுக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஊசி இல்லைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

பட்டனக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். இரண்டு விரல்கள் இல்லை.

"நடுவுல மூணு மாசம் நிறுத்தினேன். அதுக்கே எடுத்துட்டாங்க."

"படிவம் இன்னும் போகலைக்கா. உங்க பேரை எடுத்துட்டு, மிச்ச அஞ்சு சீட்டையும் வெச்சு என் எதிர்லயே இன்னொரு தடவை குலுக்குங்க. அவங்களுக்கு ரேஷன்தான் போகும். உங்களுக்கு உயிர்."

"வேணாம்மா. வந்தது வந்ததாவே இருக்கட்டும்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க. சீட்டு எங்கே?"

பட்டனக்கா சட்டென்று ஒரு டப்பாவை எடுத்து மடியில் மறைத்தாள். வந்தவள் விடவில்லை. பிடுங்கித் திறந்தாள். பட்டன்களுக்கு நடுவே ஐந்து சீட்டுகள் மடித்தது மடித்தபடி கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஐந்திலும் பட்டனக்காவின் பெயர்தான் எழுதியிருந்தது.