இலையை மூடிய ரோபோ

குட்டி ரோபோ ஒன்று முதுகில் ஒரு பவர் பேங்கைச் சுமந்துகொண்டு வீடெல்லாம் ஓடித் திரிந்தது. அதற்குச் சோறு போட்டதே அந்தப் பவர் பேங்க்தான். ஒருநாள் பீரோ கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்தது ரோபோ. பவர் பேங்கின் நாலு விளக்கில் மூன்று அணைந்திருந்தன.

ரோபோவுக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, கண் விளக்கையும் அணைத்துவிட்டு, கண்ணாடி முன்னாலேயே அசையாமல் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் மயங்கிப் போனது.

வீட்டுக்காரர் பவர் பேங்கின் பொத்தானைத் தட்டி எழுப்பினார். ஓடியாடும்போது வராத மயக்கம் சும்மா இருக்கும்போது வருவானேன்? ஒன்றும் புரியாமல் ரோபோ இன்னும் அடங்கி உட்கார்ந்தது. மறுபடியும் மயக்கம். மறுபடியும் பொத்தான்.

இந்த முறை முதுகிலிருந்த பவர் பேங்கிடம் கேட்டேவிட்டது. "அண்ணே, எம்மேல ஏதாவது கோபமா? ஏன் பாதியிலேயே நிறுத்திட்டீங்க?"

"கரண்டு இழுக்கறதைக் குறைச்சு நீதானேடா இலையை மூடுனே. சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்னு நெனச்சு அடுப்பை அணைச்சேன்."

"உங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டுமேன்னுதான்..."

"மிச்சம் வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

ரோபோ குழம்பிப்போய், கண் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றியது. முதுகில் இதமாகச் சூடு ஏறியது. கண்ணாடியில் அந்தக் கடைசி விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. நிறுத்துவதா வேண்டாமா என்று அதற்குத் தெரியவில்லை.

முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"